வாடை அடித்தால் தெற்குக் கரை

அன்புள்ள கதிருக்கு,

அக்டோபர் கடைசியில் மூன்று நாள் விடுப்பு, நார்ஃபோக்கிலிருந்து வட கரோலினாவின் கடலோரத் தீவுகளான அவுட்டர் பேங்க்ஸ் போய்க் கரையில் தூண்டில் போடப் போகிறேன், என்ன வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். தண்ணீர் எத்தனை டிகிரி, காற்று எந்தத் திசை, மணல் எப்படிக் கிடக்கிறது, இந்த மூன்றும் தெரியாமல் முந்நூறு டாலர் தூண்டில் வாங்கினாலும் திருக்கைதான் ஏறும்.

தண்ணீர்ச் சூட்டைத் தினமும் பார். டக் ஊரில் ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் நீண்ட பாலத்திலிருந்து எடுக்கும் அளவு இணையத்தில் வந்துவிடும். கோடையில் எழுபது டிகிரிகளில் (எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு) இருந்த தண்ணீர் அறுபதுகளின் நடுவுக்கு இறங்கும்போது ஸ்பாட், சீ மல்லட், கத்தாளை மீன்கள் எல்லாம் கூட்டமாகத் தெற்கே நகரும். (சீ மல்லட்டும் கத்தாளை இனம்தான், நம் மடவை என்று நினைத்துவிடாதே.) பெரிய ரெட் டிரம் வருவதும் அதே நேரம், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. ஐம்பதுகளின் கடைசிக்கு இறங்கினால் புள்ளி ட்ரௌட்டின் காலம். வசந்தத்தில் இதுவே தலைகீழாக நடக்கும்: மார்ச், ஏப்ரலில் பேத்தையும் சீ மல்லட்டும் முதலில், பிறகு டிரம், ப்ளூஃபிஷ், மே கடைசியில் கடல்விரால். ஜூலை, ஆகஸ்ட் பகலில் கரையில் நிற்பது வெயிலுக்குத்தான் லாபம். போனால் விடியலில் போ, மணற்பூச்சி (ஈர மணலில் புதையும் சின்ன நண்டு வகை) வைத்துப் பாம்பனோ மீன் பிடி.

ஒன்றை மட்டும் நினைவில் வை. கோடையில் தென்மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் நாக்ஸ் ஹெட் பக்கம் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். காற்று கரையை ஒட்டி வடகிழக்காக வீசும்போது மேல் தண்ணீர் அதன் வலப்பக்கமாக, அதாவது ஆழ்கடலை நோக்கி, நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வருகிறது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், அழகாக இருக்கும், மீன் மட்டும் இருக்காது. காற்று திரும்பும்வரை வேறு வேலை பார்.

அடுத்தது எந்தக் கரை. படத்தில் பார், ஓரிகன் இன்லெட் என்ற கடல்வாயிலிருந்து கேப் பாயின்ட் முனை வரை கரை கிழக்கைப் பார்த்திருக்கிறது. கேப் பாயின்ட்டில் தீவு முழங்கை மாதிரி மடங்குகிறது. அங்கிருந்து ஹேட்டரஸ் இன்லெட் வரை கரை தெற்கைப் பார்த்திருக்கிறது. வடகிழக்கு வாடை பலமாக அடித்தால் கிழக்குக் கரையில் அலை புரண்டு, தண்ணீர் சேறாகி, இரையை அடியில் நிறுத்தும் ஈயக் குண்டு நிற்காது. அன்றைக்கு ஃபிரிஸ்கோ பக்கம் தெற்குக் கரைக்குப் போனால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும், அலை படுத்திருக்கும். தென்மேற்குக் காற்றானால் கிழக்குக் கரைக்கு வந்துவிடு. மடங்கும் முனையில்தான் வடக்கிலிருந்து வரும் குளிர்நீரும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தின் பக்கத்துச் சூடான நீரும் மோதுகின்றன. முனையின் இரு பக்கமும் பத்து டிகிரி வரை வித்தியாசம் இருக்கும் நாளும் உண்டு. அதனால் ஒரு ஊரின் அளவைப் பார்த்து மற்றதை முடிவு செய்யாதே.

இனி மணல். போன அன்றே தூண்டிலை எடுக்காதே. தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் கரையோரம் ஒரு மைல் நட. வெளியே அலை வெள்ளையாக உடையும் இடம் மணல்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் அலை உடையாமல், நிறம் கறுத்துத் தெரிவது பள்ளம். மீன் மேய்வது அந்தப் பள்ளத்தில். திட்டு நெடுக அலை உடைந்து வந்து ஓரிடத்தில் மட்டும் உடையாமல் இருந்தால், அங்கே திட்டு அறுந்திருக்கிறது. பள்ளத்துக்குள் வந்த தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே ஓடும், இரையும் அதோடு போகும், பெரிய மீன் அதன் ஓரத்தில் காத்துக் கிடக்கும். அந்த வாய்க்கு நேராகக் கரையில் ஓர் அடையாளம் பார்த்து வை, ஒரு வீடு, ஒரு வேலிக்கம்பு. தண்ணீர் ஏறியபின் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஏற்றத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து இரண்டு மணி நேரம் பின்னால்வரை அங்கே நில். ஆனால் அந்த வாயில் இறங்கி நிற்காதே, ஆளை இழுத்துப் போகும் நீரோட்டமும் அதுதான். தொடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம், ரப்பர் கால்சட்டை போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டு.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முடிந்த மட்டும் தூரம் எறிகிறார்கள், இரை திட்டின்மேல் போய் விழுகிறது. அல்லது திட்டையும் தாண்டிப் போகிறது. சீ மல்லட், பாம்பனோ, ஸ்பாட் மூன்றும் பல நாள் கரையிலிருந்து இருபது கஜத்துக்குள் இருக்கும். ஒரு தூண்டிலைக் கிட்டத்தில், ஒன்றைப் பள்ளத்தின் வெளி ஓரத்தில் போட்டுப் பார், எது கடிக்கிறதோ அங்கே இரண்டையும் போடு.

இதற்கு ஒன்பது அடித் தூண்டில், பதினைந்து பவுண்டு தாங்கும் நரம்பு போதும். கீழே ஈயம், மேலே இரண்டு தூண்டில் முள் தொங்கும் கட்டு கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும். முள் நாலாம் நம்பர் அல்லது ஆறாம் நம்பர், அதைவிடப் பெரிது வேண்டாம், இந்த மீன்களுக்கு வாய் சின்னது. முள்ளுக்கு மேல் சின்ன மிதப்பு வைத்த கட்டை வாங்கினால் இரை தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும், நண்டு தின்பது குறையும். இரைக்கு இரத்தப்புழு சிறந்தது, அரை அங்குலத் துண்டு போதும். விலை அதிகம், அதோடு கடிக்கவும் செய்யும், தலைப்பக்கம் விரலை வைக்காதே. பச்சை இறாலை ஓடு உரித்து விரல் நக அளவில் வை. சூப்பர் மார்க்கெட்டில் வேகவைத்து விற்கும் இறால் உதவாது. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் V வடிவமாகக் கோடுகள் தெரிந்தால் அங்கே மணற்பூச்சி புதைந்திருக்கிறது, காசில்லாத இரை, கையாலேயே தோண்டலாம்.

ஈயம் மூன்று அவுன்ஸ் பிரமிட் வடிவம். நிற்காமல் உருண்டால் நாலு. அதற்கும் உருண்டால் கம்பிக் கால் வைத்த ஸ்புட்னிக் ஈயம். அதன் கால் மணலைப் பிடித்துக்கொள்ளும், பலமாக இழுத்தால் மடங்கி விட்டுவிடும். தூண்டிலை உயரமான குழாயில் நட்டு வை, நரம்பு உடையும் அலைக்கு மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் அலை நரம்பை வில்லாக வளைத்து ஈயத்தைப் பிடுங்கிவிடும். பாசி மிதக்கும் நாளில் நரம்பு முழுதும் பாசி கோத்துக்கொள்ளும். அதனோடு சண்டை போடாமல் நாலு மைல் தள்ளிப் போ. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரையைப் பார். வெறும் முள்ளைக் காவல் காத்து நிற்பவர்கள்தான் கரையில் அதிகம்.

டிரம்முக்கு எல்லாமே வேறு. பன்னிரண்டு அடிக்குப் பக்கமான கனத்த தூண்டில், இருபது பவுண்டு நரம்பு, எட்டு அவுன்ஸ் ஈயம். அந்த நரம்பில் நேராக எட்டு அவுன்ஸைக் கட்டி எறிந்தால் எறியும்போதே அறுந்து ஈயம் பக்கத்து ஆள் தலைக்குப் போகும். அதற்காக முன்னால் தடித்த நரம்பு ஒன்றை முடிய வேண்டும். ஓர் அவுன்ஸுக்குப் பத்து பவுண்டு என்பது கணக்கு, எட்டு அவுன்ஸுக்கு எண்பது. எறியும் நிலையில் ரீலின்மேல் அந்தத் தடித்த நரம்பு ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும். முடிச்சு ரீலின் ஓரத்தில் இருக்கட்டும், நடுவில் இருந்தால் கட்டை விரலைக் கிழிக்கும்.

ஈயம் நரம்பில் வழுக்கி ஓடும் குழலில் தொங்கட்டும். அதன் கீழே சுழலி, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் மட்டும் நூற்றைம்பது பவுண்டு நரம்பு, நுனியில் 8/0 அளவு வட்ட முள். இவ்வளவு குட்டை எதற்கு என்று கேட்பாய். நீளமாக விட்டால் எறியும்போது இரை சுழன்று தூரம் போகாது. அதைவிட முக்கியம், நீளம் இருந்தால் மீன் இரையை வயிறுவரை விழுங்கிவிடும். குட்டையாக இருந்தால் மீன் நகர்ந்த உடனே ஈயத்தின் கனம் தட்டும், வட்ட முள் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். கடித்ததும் வெட்டி இழுக்காதே. தூண்டில் வளையட்டும், பிறகு சுற்று. இரை அன்றைக்குப் பிடித்த மென்ஹேடன் அல்லது மடவை, மூன்று அங்குலத் துண்டு, தலை இன்னும் நல்லது. நண்டு தலையைச் சீக்கிரம் தின்று தீர்க்காது. பொழுது சாய்ந்த பிறகுதான் இதற்கு நேரம்.

சட்டம்: வட கரோலினாவில் 18 முதல் 27 அங்குலம் வரை உள்ள டிரம், ஆளுக்கு நாளைக்கு ஒன்று. 27-க்கு மேல் எதுவானாலும் விட்டுவிட வேண்டும். இது அறுபது ஆண்டுக்கு மேலும் வாழும் மீன். 1984-இல் ஏவன் கரையில் பிடித்த 94 பவுண்டு 2 அவுன்ஸ் டிரம்தான் உலகச் சாதனை. பெரிய மீனைச் செவுளில் பிடித்துத் தொங்கவிடாதே, உள்ளுறுப்பு கிழியும். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்கு, ஒரு படம் எடு, தண்ணீரில் தலையை முன்னால் வைத்து நிறுத்து, தானே வாலடித்துப் போகும். ஸ்பாட்டுக்கும் கத்தாளைக்கும் ஆளுக்குத் தலா ஐம்பது என்ற வரம்பு உண்டு. மற்ற மீன்களின் அளவும் காலமும் ஆண்டுக்காண்டு மாறும், ஃப்ளௌண்டர் பிடிக்கும் காலம் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. கிளம்பும் முன் மாநிலக் கடல் மீன்வளத் துறையின் பட்டியலைப் பார். பதினாறு வயது முதல் எல்லோருக்கும் கடலோர உரிமம் வேண்டும், உன்னுடைய வர்ஜீனியா உரிமம் இங்கே செல்லாது.

கேப் பாயின்ட்டில் டிரம் கூட்டமாக வரும்போது ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள். நீரோட்டம் எல்லோருடைய ஈயத்தையும் ஒரே பக்கம் தள்ளும். எறிந்துவிட்டு நீரோட்டத்தோடு நடந்து, கடைசிக்குப் போய்ச் சுற்றி எடுத்து, மறுபடி மேல்பக்கம் வந்து எறிவார்கள். நடுவில் ஒருவன் மூன்று அவுன்ஸும் மெல்லிய நரம்புமாக அசையாமல் நின்றால் இருபது பேர் நரம்பும் பின்னிவிடும். முதல் தடவை அரை மணி நேரம் வேடிக்கை பார், பிறகு வரிசையில் சேர்.

ஒரு நாளாவது பியருக்கு, அதாவது கடலுக்குள் நீளும் மீன்பிடி பாலத்துக்கு, போ. நாக்ஸ் ஹெட்டில் உள்ள ஜெனெட்ஸ் பியர் கான்கிரீட், ஆயிரம் அடி. 1939-இல் மரத்தில் கட்டியது, 2003-இல் இசபெல் புயல் கொண்டுபோனது, 2011-இல் மாநில அரசின் மீன் காட்சியகத் துறை புதிதாகத் திறந்தது. நுழைவுச் சீட்டு எடுத்தால் தனி உரிமம் வேண்டாம், அது பியரின் மொத்த உரிமத்தில் அடங்கும். எல்லோரும் நுனிக்கு ஓடுவார்கள். நுனி வஞ்சிர வகையான கிங் மேக்கரலுக்கும் கடல்விராலுக்கும். அங்கே ஒரு தூண்டிலால் நங்கூரம் போட்டு நரம்பை விறைப்பாக நிறுத்தி, இன்னொரு தூண்டிலின் உயிர் மீனைக் கிளிப்பில் மாட்டி அந்த நரம்பு வழியே நீர்மட்டம்வரை சறுக்கி விடுவார்கள். பழகாமல் அதில் இறங்காதே. ஸ்பாட்டும் சீ மல்லட்டும் அலை உடையும் முதல் மூன்றில் ஒரு பங்கில், தூண்களை ஒட்டி இருக்கும். எறியவே வேண்டாம், நேராக இறக்கு. பெரிய மீன் மாட்டினால் நரம்பைப் பிடித்துத் தூக்காதே, கயிற்றில் இறக்கும் வட்ட வலை கேள், அங்கே எவராவது தருவார்கள்.

காரை மணலில் இறக்குவதானால் தேசியக் கடற்கரைப் பூங்காவின் அனுமதி தனி. மண்வெட்டி, ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்கப் பலகை, டயர் அழுத்தமானி இருக்க வேண்டும் என்பது விதி. காற்றை 20 பவுண்டுக்கு இறக்கு. இறக்காமல் போவதுதான் சக்கரம் புதைவதற்கு முதல் காரணம். புதைந்தால் மிதிக்காதே, மிதித்தால் அச்சுவரை போகும். இறங்கி இன்னும் சில பவுண்டு இறக்கி, சக்கரத்துக்கு முன் மணலை வாரி, வந்த தடத்திலேயே பின்னால் எடு. வசந்தத்திலும் கோடையிலும் பறவைகளுக்கும் ஆமைகளுக்கும் சில இடங்களை அடைத்துவிடுவார்கள், அன்றைய வரைபடத்தைக் காலையில் பார். வாடை இரண்டு நாள் அடித்தால் 12-ஆம் எண் சாலையில் கடல் ஏறும், அதற்கும் கணக்கு வை.

பிடித்த மீனை வாளியில் போட்டு வைக்காதே. ஐஸ் பெட்டியில் பாதி ஐஸ், அதில் கடல் நீர் ஊற்றிக் கூழாக்கி முழுக்கு. ப்ளூஃபிஷ்ஷைப் பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடி, வீட்டில் கறுத்த சதையைச் சீவி எறி, இல்லாவிட்டால் குழம்பு நாறும். அதற்குப் பல்லும் அதிகம், முள்ளை விரலால் எடுக்காமல் குறடு பிடி. சீ மல்லட் பொரிக்க, கத்தாளை குழம்புக்கு. பேத்தையை இங்கே சிலர் வால் சதை உரித்துத் தின்கிறார்கள். எந்த வகை என்று பிரித்துச் சொல்லத் தெரியும்வரை நீ விட்டுவிடு.

பெரிய டிரம் தூண்டிலை வாங்காதே, அது இங்கே சும்மாதான் நிற்கிறது, பார்சலில் அனுப்புகிறேன். ஒன்பது அடித் தூண்டில், முள், ஈயம் மட்டும் நாக்ஸ் ஹெட்டில் இரைக் கடையிலேயே எடு. எடுக்கும்போது நேற்று எந்த மைல்கல்லில் என்ன கடித்தது என்று கேள், சொல்வார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காற்றின் திசையைப் பார்த்து எனக்கு ஒரு செய்தி போடு, எந்தக் கரை என்று சேர்ந்து முடிவு செய்வோம். திரும்பும்போது தார் ரோட்டில் ஏறும் முன் டயருக்குக் காற்று அடித்துவிடு.

அன்புடன்,
அம்மா