கையெழுத்துக்கும் அடி விழுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட வளர்ச்சிக் கோளாறு) குழந்தைகள் பற்றிய கட்டுரை, வளர்ப்பு சரியில்லை என்று பெற்றோர் மேல் போடும் பழியைத் துடைத்திருக்கிறது. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கவனச் சிதறல், துறுதுறுப்பு என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. உடல் அசைவுகளை ஆளும் மூளைப் பகுதிகளும் இந்தக் குழந்தைகளிடம் வேறு மாதிரி வளர்கின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, வேலையில் இருக்கும் எனக்கு அதுதான் உறுத்தல்.

எங்களிடம் வரும் பிள்ளையை, ஒரு கையின் கட்டைவிரலால் அதே கையின் மற்ற விரல்களை வரிசையாகத் தொடச் சொல்வோம். அப்போது பார்க்க வேண்டியது மடியில் கிடக்கும் மறு கையை. அதன் விரல்களும் கூடவே அசையும். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உண்டு, வளர வளரக் குறைந்துவிடும். ஏடிஹெச்டி உள்ளவர்களிடம், குறிப்பாகப் பையன்களிடம், எட்டு, பத்து வயதிலும் தெளிவாகத் தெரியும். சிலருக்கு நாக்கும் சேர்ந்து ஆடும்! ஒரு கை வேலை செய்யும்போது மறு கையைச் சும்மா இருக்க வைப்பதும் மூளையின் வேலைதான். அந்தத் தடுப்பு இவர்களுக்கு இன்னும் வலுப்படவில்லை.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து இந்தத் தடுப்பை அளந்தார்கள். ஏடிஹெச்டி குழந்தைகளுக்கு அது சராசரியாக 40 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பு குறையக் குறைய அறிகுறிகளும் கடுமையாக இருந்தன. அதற்கு முன் 2007இல் அமெரிக்காவில் மனநல ஆய்வாளர் பிலிப் ஷா குழுவினர் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், தடிமனை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தார்கள். மற்ற குழந்தைகளுக்குச் சுமார் ஏழரை வயதில் வரும் உச்சம் இவர்களுக்குப் பத்தரை வயதில் வந்தது. அசைவுக்கான முதன்மைப் புறணி மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டது. ஓடு என்கிற பகுதி முந்துகிறது, பொறு என்கிற பகுதி பிந்துகிறது. துறுதுறுப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

இவை கூட்டாகப் பார்த்த சராசரிகள். தனி ஒரு குழந்தைக்கு ஸ்கேன் எடுத்து ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய முடியாது. நீங்கள் போட்டிருந்த வண்ண மூளைப் படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம், கையெழுத்து. ஏடிஹெச்டி உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வரை அசைவுகளை ஒருங்கிணைப்பதிலும் சிரமப்படுகிறார்கள். பட்டன் போட நேரமாகும், ஷூ கயிறு முடிச்சு நிற்காது. எழுத்து கோட்டை விட்டு இறங்கும், அழுத்தி எழுதிப் பின்பக்கம் வரை தடம் விழும். வகுப்பில் இதற்குப் பெயர் அலட்சியம். ஐந்து முறை திருப்பி எழுது என்பார்கள், விளையாட்டு நேரத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள். அசைந்தே ஆக வேண்டிய பிள்ளைக்கு இதைவிடத் தப்பான தண்டனை எனக்குத் தெரியவில்லை. கூடுதல் நேரம், வாய்மொழிப் பதில், கொஞ்சம் பெரியவர்களுக்குத் தட்டச்சு என்று வழிகள் இருக்கின்றன, பெரிய செலவும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தச் சிரமம் இருக்காது, பந்தாட்டத்தில் பின்னியெடுக்கிறவர்களும் உண்டு. அதனால் கையைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். நரம்பியல் மருத்துவரோடு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரிடமும் பேசிவிட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி