தோற்றதும் கோச்சை மாற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திய ஹாக்கி அணி நாலு ஆட்டம் தோற்றால் போதும், கோச்சை மாற்று, சீனியர்களைத் தூக்கு என்று கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் அதே பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாற்றித்தான் பார்த்தோமே! 2014 கடைசியில் டெர்ரி வால்ஷ் போனார், அப்புறம் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங் என்று 2019 ஜனவரி முடிவதற்குள் ஐந்து பேர் வந்து போயாகிவிட்டது. வான் ஆஸுக்கு ஒரு வருடம்கூடத் தரவில்லை. புது ஆள் என்ன எதிர்பார்க்கிறார் என்று பையன்களுக்குப் பிடிபடுவதற்குள் அவரும் போய்விட்டால் அணிக்கென்று ஒரு குணம் எங்கிருந்து வரும்?

அடுத்த கோச் கிரஹாம் ரீடுக்கு ஏறக்குறைய நாலு வருடம் கிடைத்தது, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியும் 5-4 என ஜெயித்தோம், 41 வருடம் கழித்து ஒலிம்பிக் பதக்கம். பிறகு சீனியர் டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் ரூபிந்தரும் லக்ராவும் ஓய்வு பெற்றார்கள், 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் (ஆட்டம் சமனானால் கோல்கீப்பரை ஒவ்வொருவராக எதிர்கொண்டு கோல் போடும் முறை) தோற்றதும் ரீடும் விலகினார். அடுத்து வந்த ஃபுல்டன், முதலில் தடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வெற்றி அதிலிருந்து வரும் என்றார்.

அந்த ஆகஸ்டில் எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போயிருந்தேன். இடைவேளையில் மலேசியா 3-1. என்னைச் சுற்றி எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது, ஆனால் களத்தில் ஒருத்தரும் பதறிக்கொண்டு பந்தைக் கண்டபடி அடிக்கவில்லை. 45வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒரு கோல், அதே நிமிடத்தில் குர்ஜந்த் ஒன்று, கடைசியில் 4-3 என ஜெயித்தோம்.

பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் 17வது நிமிடமே டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை, வெளியேறிவிட்டார். பிரிட்டனுக்கு எதிராக நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேர்! டோக்கியோவில் கேப்டனாக இருந்த, நடுக்களத்திலேயே ஆடிவந்த மன்பிரீத் பின்னால் இறங்கி டிஃபென்ஸில் நின்றார், கூட நின்ற ஜர்மன்பிரீத்துக்கும் சஞ்சய்க்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். சீனியர்களை மொத்தமாகத் தூக்கியிருந்தால் அன்றைக்கு அந்த இடத்தில் யார் நின்றிருப்பார்கள்?

கோல்கீப்பர் ஸ்ரீஜேஷும் ஓய்வு பெற்றுவிட்டார். கிருஷன் பதக் இரண்டு ஒலிம்பிக்கில் ரிசர்வ் கோல்கீப்பராகவே காத்திருந்தவர். ஒரு ஷூட்-அவுட் தோற்றதும் அவரைக் கிழித்து எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பல வருட வாசகன், சென்னை