குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரதத்தில் இருக்கும் அமினோ அமிலத்துக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு என்று நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். ஏதோ புதுசு போல எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதில் ஒரு கதை 1934லேயே தொடங்கிவிட்டது. நார்வேயில் ஒரு தாய், தன் இரண்டு பிள்ளைகள் மேல் ஏன் இப்படி ஒரு வாடை வீசுகிறது என்று டாக்டர் டாக்டராக அலைய, கடைசியில் ஃபோலிங் என்பவர்தான் காது கொடுத்தார். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டார், பச்சையாக மாறியது. அந்த நோய்க்குப் பெயர் ஃபினைல்கீட்டோனூரியா. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை ஈரல் மாற்ற முடியாமல், அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது.

அந்த வாடை எங்கள் வீட்டிலும் வீசியது. அக்கா மகளைத் தம்பிக்கே கட்டிவைத்தோம், முதல் பையன். தொட்டில் துணி அலசும்போதெல்லாம் அம்மா, "என்னடி இது, எலி மூத்திரம் மாதிரி நாறுது" என்பார். எங்கள் மண்டபம் ஊரில், கொல்லையில் கருவாடு காயும் வீட்டில் அதை யார் காதில் வாங்குவார்கள்? முடி செம்பட்டையாக வந்தது, உப்புக்காத்து என்றோம். பேச்சு வரவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று பெற்றவளைத்தான் ஏசினார்கள். பார்த்த டாக்டரோ போகப்போகச் சரியாகும் என்றார். மூன்று வயதில் மதுரையில் ரத்தம் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் போனது போனதுதான்.

இப்போது மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் ஆகாது. நான் டீயில் போடும் இனிப்பு மாத்திரைகூட ஆகாதாம், அதிலும் ஃபினைல்அலனின் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது, இத்தனை நாள் நான் படித்ததில்லை. சாளை வறுக்கும் நேரம் பையனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன்.

குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் எடுத்துப் பார்க்கும் சோதனையை கத்ரி என்ற அமெரிக்கர் 1960களிலேயே கொண்டுவந்துவிட்டார். பிறந்த சில வாரத்துக்குள் சாப்பாட்டை மாற்றினால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும், அதனால்தான் சொந்தத்தில் முடித்தால் ஆபத்து கூடுகிறது. மாமன் வீட்டில் பெண் எடுக்காதே என்று சொல்ல நான் வரவில்லை, சொன்னாலும் இங்கே எவன் கேட்பான்? நம் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும், சரி, சொந்தத்தில் முடித்த வீட்டுப் பிள்ளைக்காவது, வீட்டுக்கு அனுப்புமுன் அந்த ஒரு சொட்டை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அக்கா மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். பிறந்ததும் ரத்தம் எங்கே கொடுப்பது என்று விசாரித்தால், மதுரைக்குத்தான் கை காட்டுகிறார்கள்.

- ஒரு வாசகி, மண்டபம்