வழி சொன்ன அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

உங்களுக்கு என்னை நினைவிருக்காது. ஒரு ராத்திரி, பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, சார்ஜ் தீர்ந்த போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். டார்ச்சை எங்கள் முகத்தில் அடிக்காமல் சக்கரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சர் இல்லையே, அப்புறம் ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

உங்களுக்கு முன்னால் மூன்று பேரிடம் கேட்டிருந்தோம். ஒருவர் "நேராப் போங்க" என்றார். அந்த ரோடு நூறடிகூட நேராகப் போகவில்லை. இன்னொருவர் "பக்கந்தான்" என்றார். மூன்றாமவருக்கு வழி தெரியாது. தெரியாது என்று சொல்ல மனசும் வரவில்லை. கையை நீட்டிவிட்டார். நாங்களும் போனோம்.

'பக்கந்தான்' என்று சொன்னவரைக் குறை சொல்லவில்லை. அது நம் ஆட்களின் ரொம்பப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் புகாரைவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் கண்ணகிக்கு இடுப்பு ஒடிகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே "ஆறைங் காதம்" என்கிறான், பக்கத்தில்தான் என்கிறான். ஆறையும் ஐந்தையும் பெருக்கினால் முப்பது காதம். கேட்கிறவள் காதில் ஆறு, ஐந்து காதம் என்றும் விழும். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. நடக்க வைக்க வேண்டுமே!

நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆரம்பித்தீர்கள். "கொஞ்சம் போனா இறக்கம் வரும். இறக்கத்துல பிரேக் புடிக்காதீங்க, ஜல்லி சிதறிக் கிடக்கு. மேலயே வேகத்தைக் குறைச்சுக்கோங்க. அப்புறம் பாலம். பாலம் தாண்டினா ரோடு ரெண்டாப் பிரியும். நல்ல ரோடு இடது பக்கம் போகும், அதுல போயிடாதீங்க. மோசமா இருக்கே, அதான் உங்க ரோடு. பிரியற இடத்துல சிவப்புத் துணி கட்டின கொம்பு ஒண்ணு நிக்கும், நான் நட்டதுதான். அப்பால ஒரு நாய் வரும். கடிக்காது, ஆனா துரத்தும். முறுக்காம மெதுவாப் போங்க, விட்டுடும்." கிளம்பப் போன எங்களைக் கைகாட்டி நிறுத்தி இன்னொன்றும் சொன்னீர்கள்: "கரண்டு கம்பி உங்க வலது கைப் பக்கமே வரணும். இடது பக்கம் மாறிடுச்சுன்னா தப்பா வந்துட்டீங்க, திரும்பிடுங்க."

நான் வியந்தது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். எப்படிப் போவது என்று யாரும் சொல்வார்கள். தப்பாகப் போனால் அது எப்படித் தெரியும் என்று சொல்ல, அந்த வழியில் ஒருமுறையாவது தப்பிப்போயிருக்க வேண்டும். நீங்கள் போயிருப்பீர்கள்.

நீங்கள் படித்திருந்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி, அன்றைக்கு எங்களுக்குச் சொன்னது ஓர் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. ஒரு வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம் 'நீயும் அங்கே போ' என்று வழி சொல்லும் பாட்டு. உ.வே.சா. 1889இல் அச்சிட்டுக் கொடுத்த பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, இந்த வகைதான். (சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். எத்தனை பேரிடம் வழி கேட்டிருப்பாரோ.) பள்ளிக்கூடத்தில் இவற்றை 'வள்ளலின் புகழ் பாடுவது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு வள்ளல்மேல் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வழிமேல்தான்.

அந்த ஐந்தில் மலைபடுகடாம் என்று ஒன்று. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. நன்னன் என்ற மன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு மலைப்பாதையைச் சொல்கிறது. உங்கள் குரலை அதில் கேட்டேன், நிஜமாகத்தான் சொல்கிறேன். தினைப்புனத்தின் ஓரத்தில் பன்றிக்குப் பயந்து கல்லால் பொறி வைத்திருப்பார்கள். இருட்டில் போகாதீர்கள், இருந்து விடிந்ததும் போங்கள் என்கிறது. யானையை விரட்டப் புனத்துக்காரன் கவணில் கல் எறிவான். அது மூங்கில்மேல் பட்டுத் தெறித்து வரும், குரங்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். மரத்தை மறைவாக வைத்து நகருங்கள் என்கிறது. ஆழமான மடு ஒன்று, பக்கத்தில் பாசி படிந்து வழுக்கும்; பின்னிக் கிடக்கும் மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள் என்கிறது. உங்கள் ஜல்லி எனக்கு அந்தப் பாசியாகத்தான் தெரிகிறது.

அப்புறம் அந்தச் சிவப்புத் துணிக்கொம்பு. மலைபடுகடாத்தில் அதுவும் இருக்கிறது. வழிகள் கூடும் சந்திக்கு வந்தால், 'புல் முடிந்து இடுமின்' என்கிறார் புலவர். உங்களுக்குப் பின்னால் புதிதாக வருகிறவர்களுக்கு வழி தெரியாது, இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்று அர்த்தம். பரிசில் தேடிப் பசியோடு போகிறவனிடம், பின்னால் வருகிறவனுக்காகக் குனிந்து புல்லை முடி என்கிறார் மனுஷன். அந்த வரியில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாய்க்கும் முன்னோடி உண்டு. கோவலனுக்கு வழி சொல்ல மாங்காட்டு மறையவன் ஒருவன் வருகிறான். கொடும்பாளூர்க் குளக்கரைக்குப் போனால் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகக் கிளைக்கும் என்கிறான். வலது வழி, இடது வழி எல்லாம் சொல்லி, நடுவழியில் ஒரு தெய்வம் இருக்கிறது, துன்பம் செய்யாது, ஆனால் போகிறவர்களை மறிக்கும் என்று எச்சரிக்கிறான். கடிக்காது, ஆனால் துரத்தும்! அவர்கள் அந்த நடுவழியில்தான் போகிறார்கள். தெய்வமும் சொன்னபடியே வருகிறது.

வழி கேட்டுக் கிடைத்த பதில்களில் எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்று கலித்தொகையில் இருக்கிறது. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிவரும் செவிலித்தாய், எதிரே குடைபிடித்து வரும் அந்தணர்களிடம், பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வதில்லை. சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு அதனால் என்ன பயன், முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்கு என்ன பயன் என்று அவளைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். சொன்னது நியாயம்தான். இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அப்போது வேண்டியிருந்தது நியாயமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே இறக்கம் வந்தது, மேலேயே வேகத்தைக் குறைத்தோம். கொம்பு இருந்தது, துணி வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. நாய் ஒன்றல்ல, இரண்டு. என் நண்பன் முறுக்கப் பார்த்தான். நான் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சதூரம் கூடவே ஓடிவந்து நின்றுவிட்டன. போய்ச் சேரும்வரை நான் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டு வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. அது வலது பக்கமேதான் வந்தது.

போன மாதம் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன், பகலில். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் ஸ்கூட்டரை நிறுத்தி, அதே ஊருக்கு என்னிடம் வழி கேட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வண்டியை ஸ்டாண்டு போட்டேன். பாலம், பிரிவு, மோசமான ரோடு, கொம்பு, வலது கைப் பக்கம் கம்பி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

அவன் பாலத்தைத் தாண்டி மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நாய்களைச் சொல்லவில்லை, அண்ணே.