இகாமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வந்த வளைகுடா வேலை பற்றிய கட்டுரையில், விசா விதிகளைப் படிக்காமல் விமானம் ஏறுவதாலேயே நம்மவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்றிருந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சவுதிக்கு வீட்டு ஓட்டுநராகப் போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சவுதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டையான இகாமாவைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு, வேலைக்கு அழைத்த முதலாளியான கபிலுடையதே தவிர தொழிலாளியுடையதல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. என் கபில் கட்டணம் கட்டாததால் இகாமா காலாவதியானது. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பின்னிருக்கையில் இருந்த கபிலின் மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டதற்கு, ஹுரூப் போட்டுவிடுவேன் என்று கபில் மிரட்டினார். ஓடிப்போய்விட்டான் என்று அவர் அந்த ஹுரூப் புகாரைப் பதிந்துவிட்டால், அவர் வீட்டு அறையிலேயே படுத்துக் கிடப்பவனும் பிடிபட வேண்டியவனாகிவிடுவான். 2021 மார்ச்சில் சவுதி அரசு, தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் வேலை மாறவும் ஊர் திரும்பவும் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோதுகூட வீட்டு ஓட்டுநர்களையும் பணிப்பெண்களையும் அதில் சேர்க்கவில்லை. இதில் எந்த விதியைப் படித்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்பதைக் கட்டுரையாளர் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பே, இங்கேயே ஏமாற்றம் தொடங்கிவிடுகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்று விதி இருக்கிறது. என்னிடம் அதைப்போல் பல மடங்கு வாங்கியவர் ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. என் மனைவியின் சங்கிலி அடகுக் கடையிலேயே மூழ்கிப்போனது. திரும்பி வந்து காவல் நிலையத்துக்குப் போனால், ரசீது எங்கே என்று என்னையே கேட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பயணத்துக்கு அனுமதி தரும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமோ சென்னையில் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்க மதுரையில் அலுவலகமும், துபாய்க்குப் போக மதுரையிலேயே விமானமும் இருக்கும்போது, ஏமாந்தவன் முறையிட மட்டும் இங்கே இடமில்லை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். வெளிநாட்டு வேலை விளம்பரம் வெளியிடும் பக்கத்திலேயே அந்த 30,000 ரூபாய் வரம்பையும், ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம் என்பதையும் கட்டம் கட்டி வாரந்தோறும் அச்சிடுங்கள். பதிவு எண் இல்லாத விளம்பரங்களை ஏற்க வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.