கெட்டில் கொதித்து முடிவதற்குள்

ஈசூன்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீங்கள் நால்வரும் பொங்கோலுக்குக் கிளம்பிச் சென்ற பிறகு அப்பா செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நிலா அழத் தொடங்குவாள், இல்லையென்றால் உனக்கு அலுவலகத்திலிருந்து வேறோர் அழைப்பு வரும். எழுதிவிட்டால் உனக்கு ஒழிந்த நேரத்தில் படித்துக்கொள்வாய்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நிலா தரையில் உட்கார்ந்தபடி உன்னைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். நீ காலை மடக்காமல், முதுகை வில்லாக வளைத்து, எட்டிப் பிடித்து அவளைத் தூக்கினாய். நிமிர்ந்த கணமே உன் இடக்கை இடுப்புக்குப் போனது. வலிக்கிறதா என்று கேட்டேன். "அது எப்போதும் இருப்பதுதான் அம்மா, உடற்பயிற்சி செய்ய எங்கே நேரம்?" என்றாய். ஓராண்டுக் கட்டணம் கட்டிய உடற்பயிற்சிக்கூடத்துக்கு நான்கு முறைதான் போக முடிந்தது என்பதையும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போலச் சொன்னாய். அதில் உன் குற்றம் எதுவும் இல்லை, அம்மா. காலை ஏழு மணிக்கு இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலைப் பிடித்து ஓடுகிறவளுக்கு, ஒரு மணி நேரத்தை முழுதாகக் கேட்கும் எந்தத் திட்டமும் நிலைக்காது. நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட திட்டம் அன்று.

உன் வயதில் நானும் இதையேதான் சொன்னேன். 1993-இல் 'கிரேட் சிங்கப்பூர் ஒர்க்அவுட்' என்ற நாடளாவிய உடற்பயிற்சி அறிமுகமானபோது நான் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. காலையில் திடலில் பாட்டு ஒலிக்கப் பிள்ளைகள் கையை உயர்த்தித் தாழ்த்துவார்கள். நான் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பேனே தவிர, ஒரு நாளும் என் கையை உயர்த்தியதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையல், பிறகு கட்டுரைத் தாள்கள், பிறகு நீயும் தம்பியும். நீங்கள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எனக்கு 49 வயதானபோது கோவிலில் அன்னதானப் பந்தியில் தரையில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு எழ முயன்றேன், எழ முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன், மறு கையையும் ஊன்றினேன். கடைசியில் எனக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்ட, என்னைவிட மூத்த ஓர் அம்மையார்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதே ஆண்டில் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்து நீரிழிவு என்று சொன்னார்கள். உனக்கு அப்போது இதையெல்லாம் விவரமாகச் சொல்லவில்லை. உனக்குப் படிப்பு இருந்தது.

அந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. நாம் சோறு சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். முப்பதைத் தாண்டிய பிறகு, பயன்படுத்தாமல் விட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரையும் என்கிறார்கள். தசை சுருங்கச் சுருங்கச் சர்க்கரை தங்க இடமில்லாமல் இரத்தத்திலேயே நிற்கிறது. சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு நீரிழிவு சீனர்களைவிட அதிகம். உனக்கோ அம்மா வழியிலும் இருக்கிறது. அதனால்தான் வெறும் நடை போதாது, தசைக்கு வேலை கொடு என்று உன்னிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நேரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் செய்தாலும் அது சேரும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதே இப்போதைய அறிவுரை. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நீ வேகமாக நடப்பதும் முதற்கணக்கில் சேர்ந்துவிடும். குறைவது இரண்டாவதுதான், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், உன் உடம்பின் எடையே போதும்.

எனக்கு முதலில் இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டுமே. சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக உட்கார்ந்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழ வேண்டும். முதல் நாள் ஐந்து முறை செய்வதற்குள் தொடை நடுங்கியது. உனக்கு அது எளிதாக இருக்கும். அப்படியானால் நாற்காலியை விட்டுவிட்டு நன்றாகத் தாழ்ந்து குந்தி எழு. முழங்கால் உள்ளே மடங்காமல் கால் விரல்களின் திசையிலேயே போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். நம் பாட்டிமார் அம்மியில் அரைத்ததும் அரிசி புடைத்ததும் தரையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருப்பார்கள் என்று இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது தண்டால். உனக்குத் தண்டால் வராது என்று நீ முடிவுகட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும். தரையில் முழுத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காட்டைக் கைகள் தாங்குகின்றன. கையை 60 செண்டிமீட்டர் உயரத்தில் ஊன்றினால் அது 41 விழுக்காடாகக் குறைகிறது. சமையல் மேடை அதைவிட உயரம் என்பதால் பாரம் இன்னும் குறையும். ஆகவே காலையில் கெட்டிலைப் போட்டதும் மேடையின் விளிம்பில் உள்ளங்கைகளை ஊன்றி, இரண்டு காலடி பின்னால் வந்து, தலையிலிருந்து குதிகால் வரை உடம்பை ஒரே நேர்க்கோடாக வைத்துக்கொள். முழங்கையைச் சிறகைப் போல விரிக்காமல் விலாவை நோக்கிச் சாய்த்து, மார்பு மேடையை நெருங்கும்வரை இறங்கி, தள்ளி எழு. மேடையும் கையும் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்க நான்கைந்து நிமிடமாகும். அதற்குள் எட்டு எட்டாக மூன்று தடவை எடுத்துவிடலாம், நடுவில் மூச்சு வாங்கவும் நேரமிருக்கும். பன்னிரண்டு எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதே, கையைத் தாழ்த்து: மேடைக்குப் பிறகு அசையாத சோபாவின் விளிம்பு, அதற்குப் பிறகு தரை. நான் 63 வயதில் சோபாவரை வந்திருக்கிறேன். எப்போதும் இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையில் நிறுத்திக்கொள்; மறுநாள் பிள்ளையைத் தூக்கக் கை வேண்டுமல்லவா?

வீட்டில் கடினமானது இழுக்கும் பயிற்சிதான். தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, இழுப்பதற்கு எதுவும் இல்லை. கதவில் போர்வையைக் கட்டி இழுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளை கதவைத் திறந்துவிடும் வீட்டில் அது வேண்டாம். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உடற்பயிற்சி மூலையில் தாழ்வான கம்பி ஒன்று இருக்கிறது, பார்த்தேன். உயர்நிலைப்பள்ளியில் நாஃபா என்ற உடல்தகுதித் தேர்வுக்குச் சாய்வாக நின்று இழுத்தாயே, அதேதான். சனி, ஞாயிறுகளில் ஆதவன் சறுக்குமரத்தில் விளையாடும் நேரத்தில், நிலாவை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பத்துமுறை இழு.

முதுகு வலிக்கு வருகிறேன். இரவு பிள்ளைகள் தூங்கிய பின் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்தி மூன்று எண்ணும்வரை பிடித்து இறக்கு. முதுகைத் தாங்கவேண்டிய பின்புறத் தசைகள் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே சோர்ந்துபோகின்றன. இது அவற்றை எழுப்பும். ஆனால் வயிற்றுக்கென்று எழுந்து எழுந்து படுக்கும் பயிற்சியை இப்போது செய்யாதே. நிலா அறுவைச் சிகிச்சையில் பிறந்து பதினான்கு மாதந்தான் ஆகிறது. பேறுகாலத்தில் வயிற்றின் நடுவே விலகிய தசைகள் சிலருக்கு நெடுநாள் சேராமலே இருக்கும். தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடுபோல் புடைத்தாலோ, தும்மும்போது சிறுநீர் கசிந்தாலோ, வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டு. நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் பல ஆண்டுகள் கழித்தவள்.

நிலாவைத் தூக்குவதையும் பயிற்சியாகவே எண்ணிக்கொள். ஒரு நாளைக்கு இருபது முறையாவது தூக்குகிறாய், அவளோ பத்துக் கிலோ. அவளுக்கு மிக அருகில் போய், காலை அகட்டி நின்று, பின்பக்கத்தைப் பின்னே தள்ளி, முழங்காலை மடக்கி, அவளை மார்போடு அணைத்த பிறகு எழு. அவளைக் கையில் எட்டிப் பிடித்திருக்கும்போது நிமிராதே.

குதிக்கும் பயிற்சிகள் வேண்டாம், குறிப்பாக இரவில். அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் சத்தம் கேட்கக் கூடாது. 2020-இல் எல்லாரும் வீட்டுக்குள் இருந்த அந்த இரண்டு மாதங்களில் எங்கள் மேல்வீட்டில் யாரோ தினமும் குதித்தார்கள். அப்பாவுக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும்.

மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொள். தேசிய சேவையாளர்களுக்கான உடல்தகுதித் தேர்வான ஐபிபிடி நெருங்கும் மாதத்தில் தண்டாலும் ஓட்டமுமாக இருந்துவிட்டு, முடிந்ததும் அவர் விட்டுவிடுகிறார் என்று நீதான் சொன்னாய். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் தண்டாலை முறையாகக் கற்றவர் அவர். உன் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் யார்? செவ்வாயும் வெள்ளியும் இரவு நீ பாயை விரிக்கும்போது பாத்திரம் கழுவுவது அவர் வேலையாகட்டும். திங்களும் வியாழனும் முறை மாறட்டும். மருமகனிடம் இதை நான் நேரடியாகச் சொல்வது முறையாகாது, நீ சொல்லிக்கொள்.

ஆதவனை எண்ணச் சொல். இன்று நான் மேடையில் கையை ஊன்றியதும் ஓடி வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழிலேயே எண்ணினான். ஆறுக்குப் பிறகு எட்டுக்குப் போனான். ஏழைச் சொல்லிக்கொடுத்தேன், அடுத்த சுற்றில் சரியாகச் சொன்னான். நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று உனக்குத் தெரியும்.

நாள்காட்டித் தாளைக் கிழிக்குமுன் அன்று செய்த எண்ணிக்கையை அதில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வை. காய்ச்சலோ வேலை நெருக்கடியோ வந்து நான்கு நாள் வெறுந்தாளாகப் போனால் போகட்டும்; ஐந்தாம் நாள் பாதி எண்ணிக்கையில் தொடங்கு.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அப்பாவும் வருகிறோம். இட்லி மாவு கொண்டுவருகிறேன், நீ எதுவும் அரைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையின் நாற்காலிகளில் ஒன்று ஆடுகிறது. ஆடாத ஒன்றைச் சுவரோரமாகப் போட்டு வை.

அன்புடன்,
அம்மா