சோப்பு கொடுத்த அண்ணன்

கொங்கு மாவட்டங்களின் சிறைக் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். சிறைக் கும்பல்கள் புதிதாக வரும் பையன்களை எப்படிப் பிடிக்கின்றன என்பது பற்றித்தான் இந்தக் கடிதம். நான் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என்னிடம் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து கட்டிங் பழகிய 19 வயதுப் பையன், போன வருடம் செல்போன் திருட்டு வழக்கில் உள்ளே போனான். எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் அமையாமல் இரண்டு மாதம் கிடந்தான்.

முதல் தடவை மனுப் போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது அழுதான். மூன்றாம் தடவை அழவில்லை. "பிளாக்குல ஒரு அண்ணன் பாத்துக்கறாருங்க மாஸ்டர்" என்றான். அந்த அண்ணன் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதல் நாள் ஒரு சோப்பு, படுக்கக் கொஞ்சம் இடம், அம்மாவுக்குத் தகவல் சொல்ல ஓர் ஆள். அவ்வளவுதான். பையன் வெளியே வந்த ஒரே வாரத்தில் அண்ணனின் ஆட்கள் கம்பெனி வாசலில் பைக்கோடு நின்றார்கள். சோப்புக்குக் கணக்குக் கேட்க வந்தவர்கள்.

சிறைக் கும்பல் என்றால் அரிவாளைத்தான் நினைக்கிறோம். அது இப்படித்தான் தொடங்குகிறது. பிரேசிலில் 1992ல் கராந்திரு சிறையில் 111 கைதிகள் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் தௌபாத்தே சிறையில், கைதிகளைக் காக்கவே என்று சொல்லி ஒரு கும்பல் உருவானது. அதன் தலைவர்களைப் பிரித்து வேறு வேறு சிறைகளுக்கு அனுப்பினார்கள். போன இடமெல்லாம் கும்பல் முளைத்தது. கும்பல் ஆளை வேறு சிறைக்கு மாற்றுவது மட்டும் போதாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சிறைகளில் 2022 கணக்குப்படி நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில் இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் வெளியே வரலாம். அதற்கு நீதிமன்றத்துக்கு எழுதவேண்டியவர் நீங்கள்தான். ஆனால் இன்னொரு வழக்கும் நிலுவையில் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அண்ணனுக்காக ஒரே ஒரு அடிதடியில் கை வைத்தாலும் போதும், பையனுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

ஐயா, முதல் தடவை வருகிறவனைப் பழைய ஆட்களோடு ஒரே பிளாக்கில் விடாதீர்கள். வீட்டுக்குப் பேசும் முதல் போன் உங்கள் அலுவலகத்திலிருந்து போகட்டும். பாயும் சோப்பும் அன்றைக்கே உங்கள் வார்டர் கையால் அவனுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டிங் மாஸ்டர், திருப்பூர்